குறித்த பந்தியும் திறந்த பந்தியும்

பல நாள் நீளும் கடற்பயணங்களில் பயணிகள் இரவு உணவுக்கு அமரும் முறை இரண்டு வகைப்படும். பயணம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு நேரமும் ஒரு மேசையும் ஒதுக்கப்பட்டு, கரை திரும்பும் வரை அவர் அதே நேரத்தில், அதே மேசையில், அதே அயலாரோடு, அதே பரிமாறுநரின் கையால் உண்பது ஒன்று. உணவுக்கூடம் திறந்திருக்கும் சில மணி நேரத்துக்குள் அவர் விரும்பிய போது சென்று, காலியாக இருக்கும் மேசையில் விரும்பியவரோடு அமர்ந்து உண்பது மற்றொன்று. முன்னதைக் குறித்த பந்தி என்றும் பின்னதைத் திறந்த பந்தி என்றும் இக்கட்டுரை வழங்கும். இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வாதம் கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் பாதி வழியில் மற்றொன்றுக்கு மாற முடியுமா, மாறினால் அந்த மாற்றத்தின் சுமையை யார் தாங்குகிறார் என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படவில்லை. ஆராயத் தகுந்தது அதுவே.

பந்தி என்ற சொல்லைக் கப்பலேற்றுவது வலிந்து செய்யும் வேலையன்று. வரிசை என்று பொருள்படும் வடசொல்லின் திரிபாகக் கருதப்படும் அச்சொல், தமிழ் வழக்கில் வரிசையை மட்டும் குறிக்காமல், ஒரே நேரத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் எழும் கூட்டத்தையும் அக்கூட்டத்தின் முறையையும் சேர்த்தே குறிக்கிறது. முதல் பந்தி, அடுத்த பந்தி, கடைசிப் பந்தி என்று எண்ணும் போது நேரமும், பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று கேட்கும் போது இடமும் அச்சொல்லுக்குள் அடங்கி விடுகின்றன. நேரம், இடம் என்னும் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியதால்தான் கப்பல் உணவு பற்றிய விவாதம் பெரும்பாலும் குழம்பிக் கிடக்கிறது என்பது பின்னர் விளங்கும். அவற்றைப் பிரித்துக் காண்பதற்குக் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் வட்டாரம் நல்ல இடம். ஏனெனில் கல்யாணப் பந்தியும், நெய்வேலிச் சுரங்கத்தின் ஷிப்டுச் சாப்பாடும், வடலூர்த் தருமச்சாலையின் இலையும் அங்கே ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம் என்று சொல்லத் தக்க அருகில் இருக்கின்றன.

குறித்த பந்தியின் தோற்றத்துக்குக் காரணம் பண்பாடு என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும். கப்பலில் தரைப்பரப்பு அரிது. இரவில் இரண்டு மணி நேரம் மட்டுமே நிறையும் ஒரு கூடத்துக்காக எல்லாப் பயணிகளுக்கும் நாற்காலி போட எந்தக் கப்பல் கட்டுநரும் முன்வருவதில்லை. எனவே முதன்மை உணவுக்கூடம் பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொள்ளும் அளவிலேயே கட்டப்பட்டது. எடுத்துக்காட்டாக, 2,000 பயணிகள் ஏறும் கப்பலில் 1,000 இருக்கைகள் இருப்பதாகவும், நான்கைந்து வகைகளாக வரும் ஓர் இரவு உணவுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆவதாகவும் கொண்டால், மாலை ஆறு மணியளவில் ஒரு பந்தி, எட்டேகால் அல்லது எட்டரை மணியளவில் மற்றொரு பந்தி என்று வகுப்பதைத் தவிர வேறு எளிய வழி இல்லை. கப்பலின் நாடக அரங்கும் இதே கணக்கில் ஓடியது. முதல் பந்தியார் உண்ணும் போது இரண்டாம் பந்தியார் ஆட்டம் பார்ப்பர், பிறகு இரு கூட்டமும் இடம் மாறிக்கொள்ளும். உணவுக்கூடத்தில் ஒரு நேரத்தை அசைத்தால் கப்பலின் மாலைப் பொழுது முழுவதும் அசையும் என்பதற்கு இந்தப் பிணைப்பே காரணம்.

திறந்த பந்தி நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுவது சரியன்று. ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் அமெரிக்கா என்னும் கப்பலில் 1905-இலேயே ரிட்ஸ் விடுதியின் பெயர் தாங்கிய தனி உணவகம் இருந்தது. முதல் வகுப்புப் பயணிகள் தனிக் கட்டணம் செலுத்தி, விரும்பிய நேரத்தில், விரும்பியதை அங்கே கேட்டு உண்ணலாம். 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் அத்தகைய உணவகம் ஒன்று நடந்தது. அதாவது நேரத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை, தொடக்கத்தில் விலை கொடுத்து வாங்கிய சலுகையாக இருந்தது. தமிழர் மிகுதியாக ஏறிய கப்பல்களை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிய ரஜூலாவில் அறைப் பயணிகள் சிலர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள் பல்லாயிரவர். ரப்பர்த் தோட்டங்களுக்கும் துறைமுக வேலைக்கும் சென்ற அப்பெருந்திரளுக்குக் குறித்த மேசையா திறந்த மேசையா என்ற கேள்வியே எழுந்ததில்லை, ஏனெனில் மேசை என்பதே அவர்கள் பயணத்தில் இல்லை. இன்று இக்கேள்வியைக் கேட்க முடிகிற நிலைக்கு வந்திருப்பதே ஒரு வரலாற்று மாற்றம் என்பதை மறந்து விடலாகாது.

குறித்த பந்தி பயணிக்குத் தரும் நன்மைகளில் தலையாயது பரிமாறுநரின் நினைவு. ஒரு மேசைக்கு ஒரு பரிமாறுநரும் ஓர் உதவியாளரும் நிலையாக அமைவதால், இரண்டாம் நாளிலேயே அவர்கள் குழந்தையின் பெயரையும், முதியவருக்குச் சர்க்கரை கூடாது என்பதையும், யார் தயிரின்றி எழ மாட்டார் என்பதையும் அறிந்து விடுகிறார்கள். இந்தியச் சைவ உணவுப் பழக்கமுள்ள பயணிகளுக்கும், வெங்காயம் பூண்டு நீக்கி உண்ணும் சமணர்களுக்கும் இது சிறிய வசதியன்று. மேலைநாட்டு நிறுவனங்களின் கப்பல்களில் தலைமைப் பரிமாறுநர் முதல் நாள் இரவே மறுநாளின் உணவுப்பட்டியலைக் காட்டி, அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டுச் சமையலறைக்குச் சொல்லி விடும் வழக்கம் உண்டு. இவ்வழக்கம் நாளை யார் எந்த மேசைக்கு வருவார் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே நடக்கும். நாள்தோறும் வேறு மேசையில், வேறு பரிமாறுநரிடம் அமரும் பயணி தன் விலக்குகளை நாள்தோறும் புதிதாக எடுத்துச் சொல்ல நேர்கிறது. கேட்பவர் பாதியை மறந்து விட்டால் குற்றம் சொல்லவும் வழியில்லை.

இதன் மறுபக்கமும் உண்மையே. குறித்த நேரம் ஆறு மணியானால், துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கச் சென்றவர் பொழுது சாயும் முன் ஓடி வரவேண்டும். எட்டரை மணியானால் சிறு குழந்தைகள் மேசையிலேயே உறங்கிப் போவர். எட்டுப் பேர் மேசையில் முன்பின் அறியாதவரோடு ஏழு இரவு அமர்வது சிலருக்கு நட்பைத் தந்திருக்கிறது, சிலருக்கு ஏழு இரவுத் தண்டனையாகவும் ஆகியிருக்கிறது. இந்த மனக்குறைகளை முதலில் வணிகமாக்கியது நார்வேஜியன் குரூஸ் லைன் என்னும் நிறுவனம். 2000-இல் அது ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் குறித்த நேரத்தையும் குறித்த மேசையையும் ஒருசேர நீக்கி, பல சிறு உணவகங்களைத் திறந்து வைத்தது. அதே காலத்தை ஒட்டிப் பிரின்சஸ் நிறுவனமும் பயணிகளைத் தம் விருப்பப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய பெருநிறுவனங்களும் குறித்த பந்திக்குப் பக்கத்திலேயே திறந்த பந்தி ஒன்றை அமைத்தன. இவ்வாறு ஒரே கப்பலில், சில நேரங்களில் ஒரே கூடத்தின் இரு தளங்களில், இரு முறைகளும் அருகருகே நடக்கத் தொடங்கிய பிறகே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் என்ற பொருள் பிறந்தது.

இவற்றுக்கு நடுவில் டிஸ்னி நிறுவனம் 1998-இல் தன் முதல் கப்பலிலேயே கண்ட வழி தனியே கருதத் தக்கது. அங்கே மூன்று உணவகங்கள். பயணிகள் ஓர் இரவு ஒன்றில், மறு இரவு மற்றொன்றில் என்று முறைவைத்து உண்பர். ஆனால் அவர்களுடைய பரிமாறுநர் அவர்களோடு கூடவே இடம் பெயர்வார். இடம் மாறுகிறது, நேரமும் ஆளும் மாறுவதில்லை. குறித்த பந்தியில் மக்கள் உண்மையில் விரும்பியது மேசையையன்று, தம்மை அறிந்த ஒருவரையே என்பதை அந்நிறுவனம் முன்கூட்டியே கண்டுகொண்டது.

அதைக் காணத் தவறியதன் விலை 2014-இல் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் பயணத்தைத் தொடங்கிய ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்னும் பெருங்கப்பலில் ஒற்றைப் பெரிய உணவுக்கூடமே இல்லை. அதற்கு மாறாக நான்கு தனித்தனி உணவகங்கள், ஒவ்வொன்றிலும் வேறுவேறு உணவுப்பட்டியல், எதற்கும் முன்பதிவு என்ற அமைப்பு டைனமிக் டைனிங் என்ற பெயரில் அறிமுகமாயிற்று. காகிதத்தில் இது முழு விடுதலை. நடைமுறையிலோ எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பசித்தார்கள். குறித்த பந்தியில் ஒருவர் பசிக்கு ஒரு மணியும் அடுத்தவர் பசிக்கு மறு மணியும் என்று பிரிந்திருந்த கூட்டம், பிரிப்பவர் இல்லாத போது ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே ஒன்றாக வந்து நின்றது. முன்பதிவு செய்தவர் தம் நேரத்துக்கு வந்தும் வரிசையில் நின்றார். நான்கு உணவகத்துக்கும் பயணத்துக்கு முன்பே பதிந்து வைத்தவர், தாம் விட்டு வந்த பழைய குறித்த பந்தியையே நான்கு துண்டுகளாக மறுபடி கட்டிக்கொண்டவரானார். அதே பரிமாறுநர் கூடவே வரும் ஒரு பழைய பாணி வகையை அந்நிறுவனம் இடையில் புகுத்திப் பார்த்தது. பிறகு சில ஆண்டுகளுக்குள் அம்முறையையே கைவிட்டு, குறித்த பந்தியும் அதன் பக்கத்தில் ஒரு திறந்த பந்தியும் என்ற பழைய இரட்டை வழிக்கே திரும்பியது.

இப்போது மாறுதல் என்ற கேள்விக்கு வரலாம். இரு முறையும் உள்ள கப்பலில் ஒரு பயணி தன் தேர்வை மாற்ற விரும்பினால், பயணத்துக்கு முன்பாயின் நிறுவனத்துக்குச் சொல்லி மாற்றுவார். ஏறிய பிறகாயின், முதல் நாள் பிற்பகலில் உணவுக்கூடத் தலைவர் அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சென்று கேட்பார். வெளிப்பார்வைக்கு இரண்டு திசைகளும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் குறித்த பந்தியிலிருந்து திறந்த பந்திக்குப் போவது பெரும்பாலும் எளிது, திறந்த பந்தியிலிருந்து குறித்த பந்திக்கு வருவது கடினம். குறித்த மேசையை விட்டுப் போகிறவர் ஓர் இடத்தைக் காலி செய்து விட்டுப் போகிறார். திறந்த கூடத்துக்கோ இன்னொருவர் கூடுவதால் வரிசை சற்றே நீளும், அவ்வளவுதான். எதிர்த்திசையில் வருகிறவருக்கோ, ஒரு குறிப்பிட்ட மேசையில் ஒரு குறிப்பிட்ட நாற்காலி பயணம் முழுவதும் காலியாக இருந்தாக வேண்டும். அந்த நாற்காலி நேற்றுவரை யாரோ ஒருவருடையது. அவர் விட்டால்தான் இவருக்கு. முதல் பந்தியிலிருந்து இரண்டாம் பந்திக்கு மாறக் கேட்பவரின் நிலையும் இதுவே, அதனால்தான் காத்திருப்போர் பட்டியல் என்பது எப்போதும் குறித்த பந்தியின் பக்கமே நீள்கிறது.

இதிலிருந்து ஒரு பெரிய செய்தி பெறப்படுகிறது. மாறும் உரிமை என்பது விதியில் எழுதி வைப்பதால் வருவதில்லை. எங்கோ சில இடங்களைக் காலியாக வைத்திருப்பதால் வருகிறது. கடைசி நாற்காலி வரை விற்று விட்ட கூடத்தில், நிர்வாகம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும், யாரும் எதற்கும் மாற முடியாது. காலி நாற்காலிக்கு விலை உண்டு. அதை நிறுவனம் ஏற்கவில்லையென்றால் காத்திருப்பவரின் நேரம் அதை ஏற்கிறது. பரிமாறுநரின் வருமானமும் இம்மாற்றத்தோடு கட்டுண்டது. குறித்த மேசையில் பயண முடிவில் அவருக்குக் கொடுக்கும் இனாம் அவரையே சேரும் என்பது பழைய வழக்கம். ஒவ்வோர் இரவும் வெவ்வேறு மேசையில் உண்பவர் யாருக்குக் கொடுப்பது? ராயல் கரீபியன் திறந்த பந்தியைத் தொடங்கிய போது அதைத் தேர்ந்தவர்கள் இனாமை முன்கூட்டியே செலுத்தி விட வேண்டும் என்று விதித்தது இச்சிக்கலை நேரே கண்டதன் விளைவு. நேரத்தைத் தளர்த்தினால் வேறெங்கோ ஒன்றை இறுக்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் கடலுக்கே உரியவை என்று கருதுபவர், கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்த அரை மணியில் சென்று நோக்கட்டும். தாலி கட்டும் கூடம் பெரிது, சாப்பாட்டுக் கூடம் அதில் பாதியோ அதற்கும் குறைவோ. எனவே மூன்று, நான்கு பந்திகள். நேரம் குறித்தது, இடம் திறந்தது. யார் முதல் பந்தி என்று எழுதி வைப்பதில்லை. வேலைக்குப் போகிறவரும், தொலைவிலிருந்து வந்து பேருந்தைப் பிடிக்க வேண்டியவரும், குழந்தை வைத்திருப்பவரும் முதலில் அமரட்டும் என்பது மரியாதை. அம்மரியாதை குலையும் இடத்தில் உண்டுகொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கம் தோன்றுகிறது. அது இருவருக்கும் கேடு: நிற்பவருக்குக் கூச்சம், உண்பவருக்குத் தொண்டையில் சோறு இறங்காத அவசரம். கப்பல் நிறுவனங்கள் இலக்கத் தகடும் கைப்பேசி வரிசையும் வைத்துத் தவிர்க்க முயல்வது இந்த முதுகுப்புற நெருக்கடியைத்தான். சமையல் ஒப்பந்தக்காரர் கணக்கிடுவதும் இலைக்கு இவ்வளவு என்றுதான். எத்தனை இலை விழும் என்று தெரிந்தால் எத்தனை படி அரிசி என்று தெரியும். அண்மைக்காலத்தில் நகரங்களைப் பின்பற்றி வந்த பஃபே முறையில், தட்டை ஏந்தி விரும்பிய நேரத்தில் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்னும் போது அந்தக் கணக்கு தளர்கிறது. அதைவிட முக்கியமாகப் பந்தி விசாரிப்பு மறைகிறது. அதாவது வீட்டுக்காரர் வரிசையாக நடந்து வந்து, ஒவ்வோர் இலையின் முன்னும் நின்று, போதுமா, இன்னும் கொஞ்சம் ரசம் போடச் சொல்லட்டுமா என்று கேட்கும் அந்த வழக்கத்துக்கு வரிசை வேண்டும், வரிசை ஒரே நேரத்தில் அமர்ந்திருக்கவும் வேண்டும். திறந்த கூடத்தில் விருந்தாளியைத் தேடிக்கொண்டுதான் அலைய முடியும்.

நெய்வேலி நகரியத்தின் உணவு நேரம் முற்றிலும் வேறு வழியில் அமைந்தது. 1956-இல் நிறுவனமாக உருப்பெற்று, 1962-இல் முதல் மின்னலகை ஓட்டத் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் தொழிலில் நிறுத்தம் என்பது இல்லை. சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் வெட்டும் சக்கர வாளி இயந்திரம், கரியைக் கொண்டு செல்லும் நீண்ட வார்ப்பட்டை, அதை எரிக்கும் கொதிகலன் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி நின்றால் மற்றவை தடுமாறும். எனவே மூன்று ஷிப்டு. ஷிப்டுக்குள்ளும் எல்லோரும் ஒன்றாக எழுந்து உண்ணப் போக முடியாது, ஒருவர் மாற்றி ஒருவர்தான் போக வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் அமைக்க விதிகள் கோரலாம் என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்றும், அந்த இடைவேளை அரை மணிக்குக் குறையலாகாது என்றும் கூறியது. பந்தியின் நேரத்தை வீட்டுக்காரரின் விருப்பத்திலிருந்தும் உண்பவரின் பசியிலிருந்தும் எடுத்து, உரிமையாக எழுதி வைத்த ஏற்பாடு இது. குறித்த நேரம் என்றாலே அடக்குமுறை என்று கப்பல் விளம்பரங்கள் பேசுவதைக் கேட்கும் போது, நேரம் குறிக்கப்படாதிருந்தால் இடைவேளையே கிடைத்திருக்காத தொழிலாளியை எண்ணிப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்களின் விசேஷங்களும் ஷிப்டை அறிந்தே நடக்கின்றன. இரவு ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து வருபவருக்காகக் கடைசிப் பந்தியில் சில இலை நிறுத்தி வைக்கத் தெரிந்த வீட்டார், காலி நாற்காலியின் விலையைக் கப்பல் நிறுவனத்துக்கு முன்பே அறிந்தவர்கள்.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள வடலூரில் மூன்றாவது முறையைக் காணலாம். இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று அங்கே தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைய விடப்படவில்லை. பசித்து வருபவர் யாராயினும், எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஊர் என்று கேளாமல் உணவிடுவதே அதன் நோக்கம். அங்கே வருவதற்கு முன்பதிவு இல்லை, பெயரும் வேண்டியதில்லை. வந்தவர் வரிசையில் அமர்கிறார், பக்கத்தில் யார் என்பதை வந்த வரிசையே தீர்மானிக்கிறது. தைப்பூசத்தன்று வரும் பெருங்கூட்டத்துக்கும் இதே விதிதான். அணையா அடுப்பு என்பதைச் சமய அடையாளமாக மட்டும் காண்பது போதாது. அது நிர்வாக ஏற்பாடும்கூட: எப்போது வருவார்கள் என்று தெரியாத கூட்டத்துக்குச் சோறிட வேண்டுமென்றால் அடுப்பு எப்போதும் சூடாக இருந்தாக வேண்டும். திறந்த பந்தியின் முழு விலையையும் உண்பவரிடம் கேளாமல் அடுப்பின் பக்கமே ஏற்றுக்கொண்ட அமைப்பு என்ற வகையில், 150 ஆண்டுகளைக் கடந்த அச்சாலைக்கு ஈடாகக் கடலில் எதையும் சுட்டுவது கடினம்.

இவற்றையும் கப்பலையும் அருகருகே வைத்தால் நேரமும் இடமும் பிரிந்து தெரிகின்றன. கல்யாணத்தில் நேரம் கட்டுண்டது, இடம் திறந்தது. தருமச்சாலையில் வருகை திறந்தது, அமர்வு வரிசைக்கு உட்பட்டது. பழைய கப்பலில் இரண்டும் கட்டுண்டவை. பஃபேயில் இரண்டும் திறந்தவை. இவற்றுள் நேரத்தைக் கட்டுவதால் வரும் துன்பம் சிறிது, அதனால் சமையலறைக்கும் பரிமாறுநருக்கும் வரும் நன்மை பெரிது. இடத்தைக் கட்டுவது அப்படியன்று. யார் யாரோடு உண்ணலாம் என்பதை உண்பவரைக் கேளாமல் மற்றொருவர் முடிவு செய்வது தமிழ்நாட்டு வரலாற்றில் எவ்வளவு ஆழமான காயத்தை உண்டாக்கியது என்பது தெரிந்ததே. வ.வே.சு. ஐயர் 1922-இல் நிறுவிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்த போது, பிராமணச் சிறுவருக்குத் தனியிடத்தில் உணவிடப்பட்டது வெளியே தெரிந்ததும், 1924, 1925 ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து எழுப்பிய போராட்டம் தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. மிகச் சில மாணவர்கள் உண்ட ஒரு தனிப் பந்திதான் அது. ஆயினும் பொதுப்பணத்தில் நடக்கும் கூடத்தில் பந்தியைப் பிரிக்கலாமா என்ற கேள்வி ஒரு கட்சியின் போக்கையே மாற்றியது. இரயில் நிலைய உணவகங்களில் சாதிவாரியாக இருந்த தனி அமர்விடங்கள் 1940களின் தொடக்கத்தில்தான் நீங்கின. உணவகப் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இருப்பதை எதிர்த்துப் பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணியில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. சுதந்திர நாளில் திருக்கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்துக்குச் சமபந்தி என்ற பெயர் வழங்குவது இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகிறது. சமம் என்ற சொல் உணவைப் பற்றியதன்று, அமரும் இடத்தைப் பற்றியது.

இந்த வரலாற்றை உடைய சமூகத்துக்குத் திறந்த மேசை வெறும் வசதியாக மட்டும் தோன்றாது. பக்கத்தில் யார் அமர்வார் என்று முன்கூட்டி யாரும் தீர்மானிக்காத கூடம் அதற்கு ஒரு வெற்றியும்கூட. அதே நேரத்தில், அறியாத எட்டுப் பேரை ஒரு மேசையில் அமர்த்திய பழைய கப்பல் வழக்கமும் தன்னளவில் ஒரு சமபந்தியாகவே இயங்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த கூடத்தில் குடும்பங்கள் தத்தம் இருவர் மேசையிலும் நால்வர் மேசையிலும் ஒதுங்கிக் கொள்கின்றன. யாரும் யாரையும் விலக்கவில்லை, ஆனால் யாரும் யாரோடும் கலக்கவும் இல்லை.

தமிழகக் கரையில் இக்கேள்வி நேரடியாக வந்து சேர்ந்தது 2022-இல். அவ்வாண்டு ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. அக்கப்பல் புதியதன்று. 1990-இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டு, குறித்த பந்தியே பொதுவிதியாக இருந்த காலத்தில் கடலில் இறங்கியது. அதனுடைய உணவுக்கூடத்தின் அளவு அந்தப் பழைய கணக்கில் வகுக்கப்பட்டது. அதில் வந்து அமரும் பயணியோ, பெரும்பாலும் இரவு உணவைத் தாமதமாகவே உண்ணும் இந்தியக் குடும்பத்தவர். ஆறு மணிப் பந்தி என்பது தமிழ் வீட்டில் மாலைச் சிற்றுண்டிக்கும் காபிக்கும் உரிய பொழுது. எனவே இந்தியப் பயணிகள் நிறைந்த கப்பலில் முதல் பந்தியை வேண்டுவோர் குறைந்து, இரண்டாம் பந்திக்கு நெருக்கடி கூடுவது இயல்பே. மேலைநாட்டுப் பசியைக் கொண்டு வகுத்த நேரத்தை அப்படியே இங்கே கொண்டு வராமல், ஏழரை, ஒன்பதரை என்று பந்திகளைத் தள்ளி வைத்து, நாடக அரங்கின் நேரத்தையும் அதற்கேற்ப நகர்த்துவதே இக்கரையின் கப்பல்களுக்குப் பொருந்தும்.

ஆனால் ஒன்பதரை மணிப் பந்தி எப்போது எழும்? பரிமாறுநரின் பொழுது அங்கேதான் தீர்மானமாகிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் பணியாளருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், ஏழு நாளில் 77 மணி நேர ஓய்வும் வேண்டும் என்றும், அன்றாட ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கலாகாது, அவற்றில் ஒன்றாவது ஆறு மணி நேரத்துக்குக் குறையலாகாது என்றும் விதிக்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. காலை உணவுக்கும் அதே பரிமாறுநர்தான் பெரும்பாலும் நிற்கிறார். குறித்த பந்தியில் முதல் கூட்டம் எழுந்து இரண்டாம் கூட்டம் அமரும் நேரம் அவருக்குத் தெரியும். விரிப்பு மாற்றி, கரண்டிகளை அடுக்கி, இடையில் ஒரு வாய் தேநீர் குடிக்க அவருக்கு ஓர் இடைவெளி உண்டு. திறந்த பந்தியில் அந்த இடைவெளி கரைந்து விடுகிறது. மேசை ஒன்று காலியானதும் அடுத்தவர் அமர்கிறார். கடைசியாக வந்தவர் பேசிக்கொண்டே உண்டு முடிக்கும் வரை கூடம் மூடாது. குறித்த பந்தியில் பயணியின் நேரம் கட்டுண்டிருந்தது; அக்கட்டை அவிழ்த்த போது அது மறைந்து போகவில்லை, பரிமாறுபவரின் மணிக்கட்டுக்கு மாறியது. அவருடைய ஓய்வு மணிகளைக் கணக்கிட்டு, அதற்குத் தேவையான ஆட்களைக் கூட்டி வைத்த பிறகே ஒரு நிறுவனம் திறந்த பந்தியை அறிவிக்க வேண்டும். ஆள் கூட்டாமல் நேரத்தை மட்டும் நீட்டுவது பயணிக்குக் கொடுத்த கொடையை வேறொருவர் கூலியிலிருந்து எடுப்பதாகும்.

கல்யாண வீட்டில் இதற்கென்றே ஒரு பந்தி உண்டு. விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து, எச்சில் இலைகளை எடுத்து, கூடத்தைக் கழுவித் துடைத்த பின், காலை நான்கு மணிக்கே அடுப்பின் முன் நின்ற சமையல்காரரும், வாளியும் கரண்டியுமாக நடந்து நடந்து கால் வீங்கிய பரிமாறுநரும், இலை எடுத்தவர்களும் வரிசையாக அமர்கிறார்கள். அப்பந்திக்கு நேரம் குறிப்பதில்லை. பிற்பகல் மூன்று மணியும் ஆகும், நான்கும் ஆகும். நல்ல வீட்டில் அப்போது வாளியைக் கையில் எடுப்பவர் கல்யாணத்தை நடத்தியவரே. வடை தீர்ந்திருந்தால் அவர்களுக்காக மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை ஏற்றச் சொல்கிறார்.